காவிரியில் கற்றார், கோதாவரியில் கட்டினார்
(சர் ஆர்தர் காட்டன் வரலாறு)

கிழக்குக் கடற்கரை இருப்புப்பாதை வழியே தாயகம் சென்று திரும்பும் தமிழன்பர் யாவரும் இராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்தைக் கடந்திருப்பர். வண்டி பாலத்தில் ஏறியதும் சாளரத்தின் வழியே காசு ஒன்றை ஆற்றில் இட்டு வணங்கும் வழக்கமும் நம்மவரிடையே உண்டு. கடல்போல் விரிந்து கிடக்கும் அப்பேராறு, பாலத்திற்குச் சற்றுத் தெற்கே தவளேஸ்வரம் என்னும் ஊரருகே அணையினால் தடுக்கப்பெற்று, கால்வாய்களாய்ப் பிரிந்து, ஏறத்தாழப் பத்து லட்சம் ஏக்கர் நிலத்திற்கு உயிரூட்டுகிறது. அங்கே முதன்முதல் அணை எழுப்பியவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அந்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் அவருக்குச் சிலைகள் உண்டு. அவற்றுக்கு உழவர் மாலை சூட்டுகின்றனர். கங்கையைக் கொணர்ந்த பகீரதனுக்கு நிகராக அவரை 'அபர பகீரதன்' என்று போற்றுகின்றனர்.

நம் நாட்டை அடிமைப்படுத்திய ஓர் ஆட்சியின் படைத்துறை அதிகாரியாய் வந்தவர் அவர். அவ்வாட்சி ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவருடைய பெயர் நன்றியுடன் நினைக்கப்படுகிறது. அவர் இந்தத் தொழிலின் முதற்பாடத்தைக் கற்ற இடம் நம் காவிரிக்கரை என்பது தமிழருள் பலர் அறியாத செய்தி. அவருடைய வாழ்வையும், அவர் ஊழியம் செய்த ஆட்சி ஆற்றுப்பாசன நாடுகளின் உழவை எவ்வாறு மாற்றியது என்பதையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இளமையும் வருகையும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். பதினொரு ஆண்மக்களைக் கொண்ட குடும்பத்தில் அவர் பத்தாமவர். பெரும் செல்வத்தை எதிர்நோக்க இயலாத இளைஞர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலை அந்நாளில் ஒரு புகலிடமாய் இருந்தது. கம்பெனி தன் படை அதிகாரிகளைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கல்லூரியில் பயின்று, 1819-இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அவர் சேர்ந்தார். 1821-இல் சென்னை வந்திறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

அடுத்த ஆண்டே தென்மாவட்டங்களின் ஏரி இலாகாவில் துணைப் பொறியாளராக அமர்த்தப்பட்டார். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என அவர் சுற்றிய ஊர்கள் பல. பாம்பன் நீரிணையைக் கப்பல் செல்லும் வழியாக்க இயலுமா என்றும் அளந்து பார்த்தார். 1824-இல் தொடங்கிய முதற் பர்மியப் போரிலும் பங்கு கொண்டார். எனினும் அவருடைய மனத்தை ஆட்கொண்டவை அவர் கண்ட ஏரிகளும், கலிங்குகளும், மதகுகளும், வாய்க்கால்களுமே ஆகும்.

அவர் கண்ட நாடு

தஞ்சை நாட்டின் ஆட்சி 1799-இல் இரண்டாம் சரபோஜி மன்னரோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாட்டில் எங்கும் நல்லாட்சியே நிலவியது என்று கூறுவதற்கில்லை. போர்களும் கொள்ளையும் ஊர்களைச் சீரழித்திருந்தன. ஆயினும் ஏரியும் வாய்க்காலும் ஊரார் பொறுப்பு என்ற மரபு அறவே அழிந்துவிடவில்லை. கோடையில் வாய்க்காலைத் தூர் வாரவும், கரையை உயர்த்தவும், உடைப்பெடுத்த இடத்தை அடைக்கவும் குடிகளே கூடி உழைப்பர். இதுவே குடிமராமத்து. ஏரிக்காப்புக்கென மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. நீர்க்கட்டி என்பவர் மடை திறந்து முறை வைத்து நீர் பாய்ச்சுவார். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

கம்பெனியோ நிலத்தை முதலில் வரிக்கணக்கின் வழியே கண்டது. மானியங்கள் பல வரிக்குரிய நிலங்களாயின. ஒவ்வொரு குடியும் தனித்தனியே சர்க்காருக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறை பரவிய இடங்களில் ஊர் என்னும் அமைப்பின் கட்டு தளர்ந்தது. வரி ஆண்டுதோறும் தவறாது திரட்டப்பட்டது. ஏரி மராமத்துக்கு அதிலிருந்து திரும்பியதோ மிகச் சிறு பங்கே. இக்குறையைச் சென்னை அரசாங்கமே அமைத்த பொதுப்பணி ஆணையம் விரிவாக எடுத்துரைத்தது. அயலார் கூற்றாயின் தள்ளிவிடலாம். ஆட்சியின் சொந்த அதிகாரிகளே எழுதிய குற்றப்பட்டியல் அது.

காவிரி கற்பித்த பாடம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு தஞ்சையை நோக்கிச் செல்கிறது. வடகிளையாகிய கொள்ளிடம் குறுகிய வழியில் கடலை நாடுகிறது. கொள்ளிடத்தின் சரிவு மிகுதி. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்லக் காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டது. வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே வீணாய்க் கடல் சேர்ந்தது. உழவர் ஆண்டுதோறும் கொரம்பு போட்டு நீரைத் திருப்ப முயன்றனர். அடுத்த வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. தஞ்சை வயல்கள் தண்ணீரின்றிக் கரம்பாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது.

1820-களின் இறுதியில் காவிரிப் பாசனப் பொறுப்பு காட்டனிடம் வந்தது. கரிகாற் பெருவளத்தானின் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் கல்லணையை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அவ்வணை நேர்கோட்டில் அமையாது வளைந்து செல்வது. பாறை கிடைக்காத ஆழ்ந்த மணலில் பெரும் சுவர் எழுப்ப இயலாது என்பது அவர் பயின்ற ஐரோப்பியப் பொறியியலின் கருத்து. இங்கோ மணலில் கற்களை இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேலும் மேலும் கற்களை இட்டு, உறுதியான அடித்தளத்தைப் பண்டையோர் அமைத்திருந்தனர். பல நூற்றாண்டு வெள்ளங்களைத் தாங்கி அது நின்றது. மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டு முன்னோரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்பட்டோரைத் தம் ஆசிரியராக ஏற்றது அந்நாளில் அரிய செயல்.

கல்லணையில் படியும் மணலை வெளியேற்ற 1830-இல் அவர் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். அதன்பின் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன. முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது, நீரைக் காவிரிக்குத் திருப்புவதற்காக. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியை நம்பியிருந்த நிலங்கள் அதனால் வறண்டுவிடாதவாறு அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. வீராணம் ஏரிக்கு வடவாற்றின் வழியே நீர் செல்வதும் இக்கீழணையிலிருந்துதான். இரண்டும் 1836-இல் முடிந்தன.

ஆற்றின் போக்கில் கை வைத்தவர்க்கு ஆறு விடையளிக்காது விடுவதில்லை. மேலணையின் பயனாக அளவுக்கு மிஞ்சிய நீர் காவிரியில் புகத் தொடங்கியது. 1840-களில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும், காவிரித் தலைப்பில் தடுப்பு அமைத்தும் அதனைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. எனினும் தஞ்சையின் குறுவையும் சம்பாவும் தாளடியும் உறுதிபெற்றன. நிலத்தின் விலையும் சர்க்காரின் வரியும் ஒருங்கே உயர்ந்தன. செலவிட்ட பணம் பன்மடங்காய்த் திரும்பும் என்பதற்குக் காட்டனுக்கு ஒரு சான்று கிடைத்தது.

இடைக்காலம்

பிற்காலத்தில் இரயிலை எதிர்த்து வாதாடிய இவரே இந்தியாவின் முதல் இருப்புப்பாதைகளுள் ஒன்றை அமைத்தவர் என்பது வியப்புக்குரியது. சாலைகளுக்கு வேண்டிய கற்களைக் கொணர்வதற்காகச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837-இல் ஓடிய தண்டவாள வண்டிப்பாதை அவருடைய பொறுப்பில் உருவானது. பின்னர் உடல்நலம் குன்றவே, நீண்ட விடுப்பில் ஆஸ்திரேலியா சென்றார். அங்கு 1841-இல் எலிசபெத் லியர்மந்த் என்னும் மங்கையை மணந்தார். இந்தியா திரும்பியதும் விசாகப்பட்டினத்தில் பணி கிடைத்தது. அங்கிருந்து கோதாவரி அழைத்தது.

பஞ்சமும் பேரணையும்

அந்நாளைய இராஜமுந்திரி மாவட்டத்தின் நிலை கல்லையும் உருகச் செய்வது. பெருகி ஓடும் ஆறு அருகே இருந்தும் வயல்களுக்கு நீர் இல்லை. வெள்ளம் வந்தால் பயிர் அழியும், வாராவிட்டால் பயிர் கருகும். 1832-33-இல் நேர்ந்த கொடும் பஞ்சத்தில் அண்டையிலுள்ள குண்டூர் நாட்டில் மட்டும் ஐந்து லட்சம் மக்களுள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். 1839-இல் கோரங்கிக் கடற்கரையைப் புயல் தாக்கியது. இராஜமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821-இல் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்தது. 1841-இல் ஐந்தரை லட்சம் அளவுக்குச் சுருங்கியது. மக்கள் மடிந்ததைக் காட்டிலும் வரி மடிந்தது கம்பெனியின் கண்ணை விரைவில் திறந்தது என்று கூறினால் அது மிகையன்று. 1844-இல் அம்மாவட்டத்தின் சீர்கேட்டை ஆராய்ந்த ஹென்றி மான்ட்கோமரி, பாசனப் பணிகளே தக்க மருந்து என்றும் அதற்கு உரியவர் காட்டனே என்றும் பரிந்துரைத்தார்.

காட்டன் ஆற்றங்கரை நெடுகச் சுற்றி அளந்து 1845-இல் தம் திட்டத்தை அளித்தார். தவளேஸ்வரத்தில் ஆறு நான்கு மைல் அகலத்தில், இடையிடையே தீவுகளுடன் நான்கு கிளைகளாய்ச் செல்கிறது. தவளேஸ்வரம், இரல்லி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்னும் நான்கு பகுதிகளில், இரண்டு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் அணை எழ வேண்டும். கம்பெனியின் இயக்குநர்கள் இசைவு அளித்தபின் 1847-இல் பணி தொடங்கிற்று. மணலில் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் சுவர் எழுப்பி, முன்னும் பின்னும் பெருங்கற்களைக் கொட்டி அரண் செய்தனர். அருகிலுள்ள குன்றுகளே கல் அளித்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் கோடை மாதங்களில் உழைத்தனர். மழைக்காலத்தில் ஆறு வேலையை நிறுத்தியது. இடையில் காட்டன் மீண்டும் நோயுற்று விடுப்பில் சென்றபோது சார்லஸ் ஓர் என்னும் அதிகாரி பணியைத் தொடர்ந்து நடத்தினார். உள்நாட்டவரான வீணம் வீரண்ணா என்பவர் ஆட்களைத் திரட்டியும் வேலையை மேற்பார்த்தும் வலக்கையாய் விளங்கினார். அவருடைய நினைவை அங்கே ஒரு கல்வெட்டு காத்து வருகிறது. 1852-இல் அணை முடிந்தது. அடுத்துப் பெஜவாடாவில் கிருஷ்ணையாற்றின் குறுக்கே ஓரின் பொறுப்பில் மற்றோர் அணை எழுந்து, 1855-இல் நிறைவுற்றது.

உழவு மாறிய விதம்

அணைகளால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். வானத்தை நோக்கியிருந்த உழவர் கால்வாயை நோக்கத் தொடங்கினர். கம்பும் சோளமும் விளைந்த வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் நெல்வயல்களாயின. கால்வாய்கள் பாசனத்திற்கு மட்டுமின்றிப் படகுப் போக்குவரத்துக்கும் உதவின. காக்கிநாடாத் துறைமுகத்திற்கு நெல் அவற்றின் வழியே சென்றது. கோதாவரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1891-இல் இருபது லட்சத்தைத் தாண்டியது. தென்னாட்டை உலுக்கிய 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து வறண்ட மாவட்டங்களில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டபோது, கோதாவரி, கிருஷ்ணை, காவிரி ஆகிய மூன்று கழிமுக நாடுகளும் பெருமளவு தப்பின. காட்டனின் வாழ்வுப் பணிக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். முன்பு ஊரின் உடைமையாய் இருந்த நீர், சர்க்காரின் உடைமையாயிற்று. 1865-இல் சென்னை மாகாணத்தில் பாசனத் தீர்வைச் சட்டம் வந்தது. தண்ணீருக்குத் தனி விலை ஏற்பட்டது. மடையின் திறவுகோல் மராமத்து இலாகாவின் கைக்கு மாறியது. ஊராரின் வழக்கமாய் இருந்த குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய வேலையாக்கியது. ஊர்க்கட்டு தளர்ந்த பின் சட்டம் மட்டும் வழக்கத்தை உயிர்ப்பிக்க இயலுமா? வாய்க்கால் சர்க்காருடையது என்றால் அதைத் தூர் வாருவதும் சர்க்காரின் வேலையே என்று குடிகள் எண்ணத் தலைப்பட்டனர். பேரணைகள் பொலிவுற்றன, வருவாய் குறைந்த சிற்றேரிகளோ ஆயிரக்கணக்கில் தூர்ந்தன.

நீர் பெருக்கிய செல்வம் யாரிடம் சேர்ந்தது என்பதும் கருதத்தக்கது. தஞ்சையில் மிராசுதார்களின் நிலம் மதிப்பில் உயர்ந்தது. நெல் இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஏற்றுமதியாயிற்று. சேற்றில் இறங்கி நட்டு அறுத்த பண்ணையாளுக்கோ கிடைத்தது கூலி நெல் மட்டுமே. 1861-இல் நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இரயில் இணைத்தது. அந்நாகைத் துறையிலிருந்தே அரிசி மூட்டைகளோடு ஏழை உழைப்பாளரும் கப்பலேறிக் கடல் கடந்தனர். கோதாவரிக் கரையிலிருந்தும் கோரங்கிகள் என்ற பெயரோடு தெலுங்குத் தொழிலாளர் பர்மா சென்றனர். நீர் நிறைந்த நாட்டிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடிப் புலம்பெயர வேண்டியதாயிற்று. தாயகத்தைப் பிரிந்து வாழும் நமக்கு இச்செய்தியின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரயிலா, கால்வாயா?

1860-இல் ஓய்வு பெற்ற காட்டன் 1861-இல் 'சர்' பட்டம் பெற்றார். எஞ்சிய வாழ்நாளை அவர் ஒரே வழக்கில் செலவிட்டார். இந்திய அரசாங்கம் இரயிலுக்குப் பாசனத்தினும் பன்மடங்கு பணம் செலவிட்டு வந்தது. முதலீட்டுக்கு உறுதியான வட்டியை இந்திய வரியிலிருந்து அளித்ததால் இங்கிலாந்தின் செல்வர்கள் இரயிலை விரும்பினர். இரயில் தானியத்தைச் சுமக்குமேயன்றி விளைவிக்காது என்பதும், ஆறுகளை ஒன்றோடொன்று இணைத்து நாடெங்கும் படகுக் கால்வாய்கள் வெட்டினால் உணவும் போக்குவரத்தும் ஒருங்கே கிட்டும் என்பதும் காட்டனின் வாதம்.

இவ்வாதத்திலும் குறை இருந்தது. அவருடைய தூண்டுதலால் ஒரு தனியார் கம்பெனி துங்கபத்திரையிலிருந்து கர்நூல்-கடப்பைக் கால்வாயை வெட்டியது. அங்குள்ள கரிசல் நிலத்தில் சோளமும் பருத்தியும் மழையீரத்திலேயே விளையும். விலை கொடுத்து நீர் பாய்ச்ச உழவர் முன்வரவில்லை. நட்டத்தில் மூழ்கிய அக்கால்வாயை அரசாங்கம் 1882-இல் விலைக்கு வாங்க நேர்ந்தது. கழிமுகத்து வண்டல் நிலத்திற்குப் பொருந்திய முறை எல்லா நிலத்திற்கும் பொருந்தாது என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். அறிஞராகிய காட்டன் போதிய அளவு எண்ணவில்லை. 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அவர் தோன்றிக் கடும் வினாக்களுக்கு விடையளித்தார். அவருடைய திட்டங்கள் கனவென்று ஒதுக்கப்பட்டன. ஆயினும் பஞ்சத்தில் மாண்டோர் பொருட்டு அதிகார பீடங்களின் முன் அவர் சலியாது வாதாடினார் என்பதை மறத்தல் தகாது.

இறுதி நாட்கள்

முதுமையிலும் அவருடைய நாட்டம் மண்ணை விட்டு அகலவில்லை. இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாய்க் கிளறிக் கோதுமை பயிரிட்டு விளைச்சலைச் சோதித்து வந்தார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், அங்கேயே காலமானார். அவருடைய மகள் லேடி ஹோப் மறு ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

கிருஷ்ணையணைக்கு மாற்றாக 1957-இல் பிரகாசம் அணை எழுந்தது. கோதாவரியில் பழைய அணைக்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய கதவணைக்குச் சுதந்திர இந்தியா காட்டனின் பெயரையே சூட்டியது. முக்கொம்பு மேலணையின் ஒரு பகுதி 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தது; அதன்பின் அங்கே புதிய கதவணை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் அது உழைத்தது.

காட்டன் அந்நிய ஆட்சியின் ஊழியர்; அவ்வாட்சி நீரை வருவாயாகவே எடைபோட்டது. அவரோ நீரை உயிராகவும் கண்டார். அம்மனிதருக்கு நன்றி கூறுவதும், அவ்வாட்சியின் குறையை எடுத்துரைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இன்று அணையும் மடையும் நம்முடையவை. மடையின் திறவுகோலை ஊராரிடமிருந்து வாங்கியது அந்நியர் ஆட்சி. கடைமடை உழவரையும் ஊரின் சிற்றேரியையும் காக்கும் பொறுப்பில் ஊராருக்கு மீண்டும் உரிய பங்கை அளிப்பது நம் கடமை. மணலில் கல்லிட்டு நிலைநிறுத்திய முன்னோரின் அறிவை அயலவர் ஒருவர் தாழ்மையோடு கற்றுப் பயன் கொண்டார். அவர்களுடைய வழித்தோன்றல்களாகிய நாம் அதனைக் கற்பதற்குத் தயங்குவானேன்?